சுயநிதி என்றால் யாருடைய நிதி?

(ஸ்காபரோவில் நடந்த எங்கட மாதாந்தக் கூட்டத்தில் பேசியது. பேச்சுக்குப் பிறகு வந்த கேள்விகளையும் மனதில் வைத்துக் கொஞ்சம் திருத்தியிருக்கிறேன்.)



‘உயர்கல்வியும் நவதாராளவாதமும்’ என்று எனக்குத் தலைப்புத் தந்தார்கள். அதைப் பற்றிப் பேசினால் நீங்கள் எல்லாரும் தலையாட்டுவீர்கள், நானும் இருபது நிமிசத்தில் இறங்கிப் போய்விடலாம். அதால நான் ஒரு கடிதத்தைப் பற்றியும் ஒரு பேஸ்மென்ட்டைப் பற்றியும் கதைக்கப் போறன்.

கடிதம் 2024 வசந்தத்தில் ஐரோப்பாவில் இருந்து வந்தது. மூன்று பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்துகிற இரண்டு வருட முதுமாணிப் படிப்பு. அதில் ஒரு வருடம் ஜேர்மனியில். இந்த மாதிரிக் கூட்டுப் படிப்புகளுக்கு எராஸ்மஸ் முண்டுஸ் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் புலமைப்பரிசில் இருக்கு. கிடைத்தால் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ கையில். ஆனால் அது ஒரு சிலருக்குத்தான். மிச்சப் பேரில் கொஞ்சப் பேருக்கு ‘உங்களுக்கு இடம் இருக்கு, காசு இல்லை’ என்று கடிதம் வரும். அந்த இடத்துக்கு ‘செல்ஃப் ஃபண்டட்’ என்று பெயர். எனக்கு வந்தது அதுதான்.

அம்மா கேட்டா: “அப்பிடியெண்டால் என்ன?”

“சொந்தச் செலவில படிக்கிறது.”

“ஆற்ற சொந்தச் செலவு?”

நான் சிரிச்சிட்டு மேல போயிட்டன். அது பகிடி இல்லை எண்டு விளங்க எனக்கு இரண்டு மாதம் எடுத்தது.

முதலில் கணக்கைச் சொல்லுறன், ஏன் எண்டால் உங்களில் சில பேர் இப்பவும் இந்த மாதிரிக் கடிதங்களோட இருக்கிறீங்கள். கட்டணம் வருடத்துக்கு 9,000 யூரோ, இரண்டு வருடத்துக்கு 18,000. சீவியச் செலவுக்கு ஜேர்மன் அரசு சொல்லுற தொகையையே எடுத்தேன். அப்போது வருடத்துக்கு 11,208 யூரோ. அதே செப்டெம்பரில் அதை 11,904 ஆக்கிவிட்டார்கள், அது வேற கதை. எல்லாம் கூட்டினால் 40,000 யூரோவுக்கு மேல். ஒரு யூரோவை ஒன்றரை டொலர் என்று வைத்தாலும் 60,000 டொலரைத் தாண்டுது. விமான ரிக்கற், காப்புறுதி, மூன்று நாட்டுக்கு வீடு மாறுற செலவு எதுவும் இதுக்குள்ள இல்லை. ‘ஓசாப் எடுக்கலாமே’ என்று ஒரு தோழர் கேட்டார். அங்கீகரித்த பட்டியலில் இருக்கிற வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அது கிடைக்கும். ஆனால் எனக்கு இளமாணிப் படிப்பின் ஓசாப் கடனே இன்னும் நிக்குது. 2023 ஏப்ரலில் இருந்து மத்திய அரசின் பங்குக்கு வட்டி இல்லை, ஒன்ராறியோவின் பங்குக்கு இன்னும் வட்டி இருக்கு. அதுக்கு மேல இன்னொரு கடன் எடுக்கிறதும் ‘சொந்தச் செலவு’ தானோ?

ஜேர்மனியில் ‘பிளொக்ட் அக்கவுண்ட்’ என்று ஒன்று கேட்பார்கள். ஒரு வருடத்துச் சீவியக் காசு முழுவதையும் முதலே ஒரு கணக்கில் போட்டுப் பூட்டவேணும். பிறகு மாதம் மாதம் அதில் இருந்து ஒரு தொகையைத் தருவார்கள். உங்கட காசுதான், ஆனால் நீங்கள் நினைத்த நேரம் தொட ஏலாது. இதை வாசித்துப்போட்டு நான் கொதிச்சுக்கொண்டு கீழ போனேன். கீழ என்றால் எங்கட வீட்டு பேஸ்மென்ட்.

அங்கே இரண்டு பேர் வாடகைக்கு இருந்தார்கள். நான் ‘அக்கா’ என்று கூப்பிடுறவா தென்காசிப் பக்கம். என்னை விட மூன்று வயது கூட. 2023 செப்டெம்பரில் ஒரு கல்லூரியில் படிக்க வந்தவா, இரவில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கினா. கொஞ்சக் காலத்தில் எங்கட குசினிக்கும் வந்து போகிற ஆள் ஆகிட்டா. நான் பிளொக்ட் அக்கவுண்ட் பற்றிச் சொல்லி ஐரோப்பாவைத் திட்டினேன். அக்கா சப்பாத்தி உருட்டிக்கொண்டே கேட்டா.

“அதுக்கு ஏன்ப்பா இவ்ளோ கோவம்? எங்களுக்கு ஜிஐசின்னு உங்க ஊர்லயும் அதே தானே வச்சிருக்காங்க.”

ஜிஐசி எனக்குத் தெரிந்த சொல். அதன் அர்த்தம் அன்றைக்குத்தான் விளங்கினது. கனடாவுக்குப் படிக்க வாறவர் தன்னிடம் காசு இருக்கு என்று காட்டவேணும். பெரும்பாலானவர்கள் ஒரு கனடிய வங்கியில் காசைப் போட்டு, பிறகு தவணை தவணையாக வாங்குவார்கள். அக்கா வரும்போது 10,000 டொலர். 2024 ஜனவரி 1 இல் அது 20,635 ஆனது. ஒரு வருடம் பிந்தி வந்த அவவின்ர அறைத்தோழி அந்தத் தொகையைத்தான் கட்டினவா. 2025 செப்டெம்பரில் 22,895. நான் பிறந்து வளர்ந்த நாடு இதைச் செய்யுது, எனக்குச் செய்யும்வரை எனக்கு அது ஒரு செய்தித் துணுக்கு. அதிலும் ஒரு வித்தியாசம். கனடியக் கடவுச்சீட்டு இருந்தால் ஜேர்மனிக்குள் விசா இல்லாமல் போய் இறங்கி, அங்கே வைத்து வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அக்கா விசா மறுப்பு வருமோ என்று மாதக்கணக்காக மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்த்தவா.

அக்கா பொறியியல் படித்தது ஒரு சுயநிதிக் கல்லூரியில். எங்களில் பலருக்கு அந்தச் சொல் பழக்கம் இல்லை. தமிழ்நாட்டில் 1984 இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில், தனியார் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்ததில் இருந்து பரவின சொல் அது. அரசாங்கம் காசு தராது, கல்லூரி தன்னுடைய நிதியில் நடக்கும் என்று அர்த்தம். தன்னுடைய நிதி என்றால் பெற்றாரின் நிதி. செல்ஃப் ஃபண்டடுக்கு நான் தமிழ் தேடிக்கொண்டிருந்தபோது அக்கா சிரிச்சா. “சுயநிதின்னு சொல்லேன். நாங்க நாப்பது வருசமா அதைத்தானே கட்டிட்டு இருக்கோம்.”

இந்தியாவில் கல்விக் கடன் ஏழரை லட்சம் ரூபாயைத் தாண்டினால் வங்கி பொதுவாக ஈடு கேட்கும். கனடாவுக்கு ஏழரை லட்சம் எந்த மூலைக்கு? அக்காவின் அப்பா வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுபோய் வங்கியில் வைத்தார்.

“எங்க வீட்டுப் பத்திரம் பேங்க்ல இருக்கு. உங்க வீட்டுப் பத்திரம் எங்க இருக்கு?”

“எங்கடயும் பாங்கிலதான் அக்கா.”

இரண்டு பேரும் சிரிச்சம். ஆனால் அந்தச் சிரிப்பில் ஒரு பொய் இருந்தது. எங்கட வீட்டு மோட்கேஜில் ஒரு பங்கை அவதான் கட்டிக்கொண்டிருந்தவா.

இப்ப அம்மாவின் கேள்விக்கு வாறன். அம்மா சும்மா இருக்கேல்லை. நான் மேல யூரோவைப் பெருக்கிக்கொண்டிருக்க, அவ கீழ சீட்டுப் போட்டா. சீட்டு என்றால் என்ன என்று இங்கே சில பேருக்குத் தெரியாது, உங்கட அம்மாமாருக்குத் தெரியும். அம்மாவின் சீட்டில் இருபது பேர், ஆளுக்கு மாதம் 1,000 டொலர். முதல் மாதத்துக் காசு நடத்துகிறவருக்கு. அதுக்குப் பிறகு அவசரமாகக் காசு வேணும் என்கிறவர் கழிவு கேட்பார். கூடக் கழிவு கேட்கிறவருக்குத்தான் அந்த மாதத்துச் சீட்டு. அம்மா இரண்டாம் மாதமே 4,000 கழிவில் எடுத்தா. அதாவது கையில் 16,000, கட்டுறது மொத்தம் 20,000. அந்தக் கழிவு இன்னும் எடுக்காமல் காத்திருக்கிறவர்களுக்குப் போகும்.

சீட்டைப் பற்றிக் கதைக்கும்போது நாங்கள் கொஞ்சம் உருகிவிடுவோம். வங்கி கதவைத் திறக்காத காலத்தில் எங்கட ஆட்கள் ஒருவரை ஒருவர் நம்பிக் காசு சேர்த்தார்கள், அது உண்மைதான். அந்தக் காசில்தான் வீடு வாங்கினார்கள், ஏஜென்சிக்குக் கட்டினார்கள், தம்பிமாரைக் கூப்பிட்டார்கள். ஆனால் அவசரக்காரரின் காசு பொறுத்திருக்கக் கூடியவருக்குப் போகிறது என்பதையும் பார்க்கவேணும். அதுக்குப் பெயர் வட்டி. மாமி எடுத்தால் என்ன, வங்கி எடுத்தால் என்ன.

மாதம் 1,000 டொலர் எங்கே இருந்து வரும்? அம்மா பக்கிங் வேலை, அப்பா டெலிவரி. இரண்டு சம்பளமும் மோட்கேஜுக்கும் சாப்பாட்டுக்கும் போயிடும். கனடிய மத்திய வங்கியின் வட்டி 2022 மார்ச்சில் 0.25 வீதமாக இருந்து 2023 ஜூலையில் 5 வீதமானது. எங்கட மோட்கேஜ் அதோட சேர்ந்து ஏறினது. அதால அம்மா ஒரு முடிவு எடுத்தா. பேஸ்மென்ட் வாடகையை 1,500 இல் இருந்து 1,700 ஆக்குறது.

சட்டப்படி அது சரி. ஒன்ராறியோவில் வாடகை உயர்வுக்கு ஒரு வரம்பு இருக்கு, 2024 இல் 2.5 வீதம். ஆனால் 2018 நவம்பர் 15 க்குப் பிறகு முதன்முதலாக ஆள் குடியேறின வீட்டுக்கு அந்த வரம்பு இல்லை. ஃபோர்ட் அரசாங்கம் செய்த மாற்றம் அது, அப்போது நாங்களும் எதிர்த்துத் துண்டுப்பிரசுரம் கொடுத்தோம். எங்கட பேஸ்மென்ட் 2019 இல் கட்டினது.

கணக்கைத் திருப்பிப் பாருங்கோ. தென்காசியில் ஒரு வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகுது. அந்தக் காசு ஸ்காபரோவுக்கு வந்து, ஒரு பங்கு கல்லூரிக்கும் ஒரு பங்கு எங்கட அம்மாவின் கைக்கும் போகுது. அம்மாவின் கையில் இருந்து சீட்டுக்கு. சீட்டில் இருந்து ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு. அந்தக் கடைசி இடத்தில் நான் நின்றுகொண்டு, படிவத்தில் ‘செலவை ஏற்பவர் யார்’ என்ற கேள்விக்கு ‘நானே’ என்ற பெட்டியில் குறி போடவேணும்.

நான் அம்மாவோடு சண்டை பிடித்தேன். அந்தச் சண்டையில் நான் வெல்லவில்லை, அதையும் சொல்லவேணும்.

“நீங்கள் கூட்டத்தில கதைக்கிறது எல்லாம் சரி பிள்ளை. வட்டி ஏறினது என்ர பிழையோ? அந்தப் பிள்ளையளுக்கு நான் சோறு குடுக்கேல்லையோ? காய்ச்சல் வந்தால் ரசம் வைச்சுக் குடுக்கேல்லையோ? படிக்கப் போறன் எண்டது நீ. இப்ப என்னைக் கொள்ளைக்காரி எண்டுறாய்.”

இதுக்கு என்னிடம் பதில் இருக்கேல்லை. அம்மா ஒரு சின்ன வீட்டுக்காரி, வர்க்க எதிரி இல்லை என்று எங்களில் சில பேர் சமாதானம் சொல்லுவீர்கள். வாடகை கட்டுகிற அக்காவுக்கு அந்தச் சமாதானம் எதுக்கு உதவும் என்று எனக்குத் தெரியேல்லை.

கடைசியில் நான் ஐரோப்பாவுக்கு ‘வரவில்லை’ என்று எழுதினேன். தியாகம் என்று நினைக்க வேண்டாம். ரொறன்ரோவிலேயே ஒரு முதுமாணிப் படிப்பும் உதவி விரிவுரையாளர் வேலையும் கிடைத்தது, அதுதான் காரணம். சீட்டுக் காசு மோட்கேஜுக்குப் போனது. வாடகை 200 ஏறவில்லை, 75 ஏறினது. அக்கா ஒன்றும் சொல்லேல்லை, அடுத்த மாதம் தன் வேலையில் இன்னொரு நேரமாற்றம் கேட்டா.

இங்கே உள்ளூர்க் கட்டணம் கட்டிப் படிக்கிறேன், இனி மனச்சாட்சி சுத்தம் என்று நினைத்தேன். அதுவும் இல்லை. ஒன்ராறியோ 1977 இல் தான் வெளிநாட்டு மாணவருக்குத் தனிக் கட்டணம் கொண்டுவந்தது. 1996 இல் அதுக்கு இருந்த கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டார்கள். 2019 இல் உள்ளூர்க் கட்டணத்தை 10 வீதம் குறைத்து உறைய வைத்தார்கள். நாங்கள் சந்தோசப்பட்டோம். ஆனால் அந்த ஓட்டையை அடைக்க அரசு காசு தரேல்லை. கல்லூரிகள் வேறு ஆட்களிடம் போய் எடுத்தன. ஒன்ராறியோ கணக்காய்வாளர் நாயகம் 2021 இல் வெளியிட்ட அறிக்கையில் இருக்கு: 2020-21 இல் அரச கல்லூரிகளின் மாணவர்களில் சர்வதேச மாணவர் 30 வீதம், ஆனால் கட்டண வருமானத்தில் 68 வீதம் அவர்கள் கட்டினது. அவர்களில் 62 வீதம் இந்தியாவில் இருந்து வந்தவர்கள். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் கலைத்துறை இளமாணிக்கு 2023-24 இல் உள்ளூர் மாணவர் ஏறத்தாழ 6,100 டொலர் கட்டினபோது, சர்வதேச மாணவர் ஏறத்தாழ 60,000 கட்டினார். எனக்கு உறைந்த கட்டணம் அக்காமாரின் கணக்கில்தான் உறைந்தது.

2024 ஜனவரியில் மத்திய அரசு மாணவர் அனுமதிக்கு உச்ச வரம்பு போட்டது. வீட்டு நெருக்கடிக்கு அவர்கள்தான் காரணம் என்ற மாதிரிக் கதை எங்கட ஆட்கள் மத்தியிலும், கலியாண வீடுகளிலும் கேட்டது. பேஸ்மென்ட்டில் இரண்டு மாணவர்களை வைத்திருக்கிற மாமா சொல்லுவார், ‘இவையளால தான் வீட்டு விலை ஏறினது’ எண்டு. காசு நின்றதும் கல்லூரிகளில் பாடநெறிகள் மூடப்பட்டன, ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போனது. 2025 செப்டெம்பரில் கல்லூரி உதவி ஊழியர்கள் ஏறத்தாழ ஐந்து கிழமை வேலைநிறுத்தம் செய்தார்கள். அக்காமாரின் காசில்தான் அந்த வேலைகள் நின்றுகொண்டிருந்தன என்று அப்போது எல்லாருக்கும் தெரிந்தது.

ஐரோப்பாவும் இதே வழியில்தான் போகுது. அதை ‘இலவசக் கல்வி’ என்று கனவு காணுகிற தோழர்களுக்காகச் சொல்லுறன். டென்மார்க் 2006, சுவீடன் 2011, பின்லாந்து 2017, நோர்வே 2023: ஒவ்வொன்றாக ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வாறவர்களுக்குக் கட்டணம் வைத்தன. ஜேர்மனியில் 2005 இல் அரசியல் சட்ட நீதிமன்றம் கதவைத் திறந்துவிட, சில மாநிலங்கள் எல்லா மாணவர்களிடமும் கட்டணம் வாங்கின. மாணவர்கள் வீதியில் இறங்கினார்கள், 2014 க்குள் எல்லா மாநிலமும் அதைக் கைவிட்டது. நல்ல வெற்றி. ஆனால் மூன்று வருடத்தில் பாடன் வூர்ட்டம்பேர்க் மாநிலம், பசுமைக் கட்சி முதல்வரின் ஆட்சியில், வெளிநாட்டவருக்கு மட்டும் அரையாண்டுக்கு 1,500 யூரோ என்று கொண்டுவந்தது. 2024 இல் மூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் முதுமாணிக்கு அரையாண்டுக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வைத்தது. எல்லாரிடமும் கேட்டபோது எல்லாரும் எழும்பினார்கள். எங்களைப் போன்றவர்களிடம் மட்டும் கேட்டபோது அந்த அளவுக்கு ஒருவரும் எழும்பேல்லை.

இது எங்கட குடும்பங்களுக்குப் புதிசும் இல்லை. இலங்கையில் தரப்படுத்தலால் இடம் கிடைக்காமல் போனவர்களில் வசதி இருந்தவர்கள் இலண்டனுக்குப் போனார்கள். ஈரோஸ் 1975 இல் இலண்டனில்தான் தொடங்கினது, அதன் பெயரிலேயே மாணவர் இருக்கு. பிறகு தாட்சர் அரசு 1980 இல் வெளிநாட்டு மாணவர்களுக்கு முழுச் செலவுக் கட்டணம் கொண்டுவந்தது. என்ர பெரியப்பா 1981 இல் போய் இறங்கினவர். கட்டணத்தைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகத்தை மறந்து, பெற்றோல் ஸ்ரேசனில் இரவு வேலைக்கு நின்றார். ‘ஒரு வருசம் வேலை செய்துபோட்டுப் படிப்பம்’ எண்டு நினைச்சவராம். ஓய்வு எடுக்கும்வரை அந்த ஒரு வருசம் முடியேல்லை. அவர் போன செலவுக்கு அப்பம்மாவின் தாலிக்கொடி அடைவில் இருந்தது.

‘அப்ப என்னதான் செய்யிறது’ என்று போன கூட்டத்தில் கேட்டீர்கள். செய்தவர்களைச் சொல்லுறன். 2015 மார்ச்சில் யோர்க் பல்கலைக்கழகத்தில் கியூப் 3903 தொழிற்சங்கம் ஒரு மாதம் வேலைநிறுத்தம் செய்தது. சர்வதேசப் பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கு ஏற்றின கட்டணத்தை நிர்வாகம் திருப்பி எடுக்கவேண்டி வந்தது. கட்டணம் எவ்வளவு ஏறினாலும் அந்த அளவுக்கு உதவியும் ஏறவேணும் என்ற விதியையும் சர்வதேச மாணவர்களுக்கும் சேர்த்து எடுத்தார்கள். உள்ளூர்க் கட்டணம் கட்டுகிறவர்களும் குளிருக்குள் சேர்ந்து நின்றுதான் அது கிடைத்தது. ரொறன்ரோ பல்கலைக்கழகம் 2018 இல் இருந்து கலாநிதிப் பட்ட மாணவர்களில் பெரும்பாலானோரிடம் உள்ளூர்க் கட்டணம்தான் வாங்குது, எந்த நாட்டவராக இருந்தாலும். அப்ப அது முடியாத காரியம் இல்லை. முதுமாணிக்கு அந்தச் சலுகை இல்லை, கல்லூரி மாணவருக்கு இல்லவே இல்லை. பிறம்ரனில் நௌஜவான் சப்போர்ட் நெட்வேர்க் என்று பஞ்சாபிப் பெடியள், பெட்டையள் சேர்ந்து, சம்பளம் தராத முதலாளியின் வீட்டு வாசலிலேயே போய் நிக்கிறார்கள். எங்கட ஆட்களிடம் அப்படி ஒன்று இல்லை. எங்கட முதலாளிமார் எங்களுக்கு மாமாமார், அதுதான் சிக்கல்.

எங்கட தொழிற்சங்கத்தில் அடுத்த ஒப்பந்தப் பேச்சுக்கு முன்னுரிமைப் பட்டியல் போடுகிறார்கள். உறுப்பினர்களிடம் கேட்டு எடுத்த பட்டியலில் சர்வதேசக் கட்டணம் ஆறாவது இடத்தில் இருக்கு. பல் காப்புறுதி மூன்றாவது. பல் காப்புறுதி எனக்கும் வேணும். ஆனால் ஆறாவதை முதலாவதாக்கக் கையெழுத்து எடுக்கிறோம், பட்டியல் மாத முடிவில் பூட்டப்படும். இங்கே இருக்கிற பட்டமேற்படிப்பு மாணவர்கள் ஏழு பேரில் மூன்று பேர்தான் இன்னும் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

மற்றது, ஐரோப்பாவில் இருந்து கடிதம் வந்திருக்கிறவர்கள் போகவேண்டாம் என்று நான் சொல்லேல்லை. போறதுக்கு முதல் அந்தக் காசு ஆற்ற கையால வருது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கோ. அம்மா, அப்பா என்று நிப்பாட்டாமல் அதுக்குக் கீழயும் எழுதுங்கோ. பேஸ்மென்ட் இருந்தால் அதையும். அந்தத் தாள்களை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாங்கோ, பெயர் போடத் தேவையில்லை. வீட்டு வாடகையைப் பற்றி எங்களுக்குள்ளேயே ஒரு முடிவு எடுக்க அதில் இருந்து தொடங்கலாம்.

அக்கா இப்ப படிப்பு முடித்து வேலை அனுமதியோட இருக்கிறா, எங்கட பேஸ்மென்ட்டில் இல்லை, எக்ளிங்ரன் பக்கம் மாறிட்டா. வாற கூட்டத்துக்கு வந்து கதைக்கிறன் எண்டு சொல்லியிருக்கிறா. அவவுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. அதால கூட்டத்தைச் சனிக்கிழமை பின்னேரத்துக்கு மாற்ற ஏலுமோ எண்டு கேட்டுக்கொள்ளுறன்.